நெளிகின்ற பிள்ளையும் நெளியும் பிள்ளையும்

போன வருடம் ஒரு நாள், தம்பியைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்று திரும்பிய உம்மா, கிளினிக் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தார்.

"மகள், டொக்டர் இதில என்ன எழுதியிருக்கார் எண்டு வாசிச்சுச் சொல்லுங்க."

தம்பி அப்போது தரம் 2. டொக்டரின் கையெழுத்தில் இரண்டு சொற்கள்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று 'ரெஸ்ட்லெஸ்'. மற்றது 'ஃபிஜிட்டி'. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள் என்ற நினைப்பு எனக்கு. 'ரெஸ்ட்' என்றால் ஓய்வு, அமைதி. 'லெஸ்' என்றால் இல்லாமை. இரண்டையும் கூட்டி, "தம்பி அமைதியில்லாத பிள்ளையாம் உம்மா. மனசில நிம்மதி இல்லையாம். சும்மா இருக்க மாட்டாராம்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

உம்மா ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு வாப்பாவிடம் மெல்லிய குரலில், "நாங்க ஏசி ஏசி வளர்த்ததாலயா பிள்ளை இப்பிடி ஆனான்?" என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. அடுத்த மூன்று நாட்களும் தம்பி விளையாடினாலும் சாப்பிட்டாலும் உம்மாவின் கண் அவன் மேலேயே இருந்தது.

நான்காம் நாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல மாதுவிடம் உம்மா அந்தக் கொப்பியைக் காட்டினார். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "இரவில நித்திரையில புரளுறார், கதிரையில நெளிஞ்சுகொண்டு இருந்தவர் எண்டுதான் எழுதியிருக்கு. பூச்சி மருந்து தந்தவைதானே? குடுத்தீங்களா?"

நான் கொப்பியை மறுபடி வாங்கிப் பார்த்தேன். 'ரெஸ்ட்லெஸ்' என்ற சொல்லுக்குப் பிறகு 'அட் நைட்' என்று இரண்டு சின்னச் சொற்கள் இருந்தன. 'இரவில்' என்பது அவற்றின் பொருள். முதலாம் நாளும் அவை அங்கேதான் இருந்தன. எளிய சொற்கள்தானே என்று நான்தான் தாண்டிப் போயிருந்தேன்.

தம்பிக்கு இருந்தது வயிற்றுப் பூச்சி. நூல் போன்ற அந்தச் சிறு புழுக்கள் குடலில் வாழும். பெண் புழுக்கள் இரவில் வெளியே வந்து முட்டையிடும்போது அரிப்பு ஏற்படும். பிள்ளை தூக்கத்தில் புரளும், பகலில் ஒரு இடத்தில் இருக்க முடியாமல் நெளியும். வீட்டில் எல்லோரும் மருந்து குடித்தோம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை குடித்தோம். தம்பி நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினான். உம்மாவை மூன்று நாள் தூங்கவிடாமல் செய்தது பூச்சியல்ல, என்னுடைய மொழிபெயர்ப்பு.

அதன் பிறகுதான் அமைதியின்றி அசைவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றை எங்கே எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். பரீட்சை எழுதும் என் தோழிகளுக்கும், பிள்ளைகளின் கொப்பிகளை எங்களிடம் நீட்டும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஐந்து அசைவுகள்

முதலாவது 'ரிகிள்'. எழுத்தில் இது 'டபிள்யூ'வில் தொடங்கும், ஆனால் அந்த எழுத்து ஒலிப்பதில்லை. மழைக்குப் பிறகு முற்றத்தில் வெளிவரும் மண்புழுவைப் பாருங்கள். உடலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து வளைத்து முன்னேறுகிறதே, அதுதான் ரிகிள். குளத்தில் பிடித்த விராலைக் கையில் எடுத்தால் அது விடுபடப் பார்த்து நெளிவதும் ரிகிள்தான். குளிக்க வைக்கும்போது கையிலிருந்து வழுக்கிப் போகும் குழந்தையையும் 'ரிக்லி' என்பார்கள். இந்தச் சொல்லில் துன்பம் இல்லை. விடுபட்டுப் போக வேண்டும் என்ற முயற்சிதான் இருக்கிறது. ஆகவேதான் ஒரு பொறுப்பிலிருந்து சாமர்த்தியமாகத் தப்பிக்கொள்வதையும் ஆங்கிலத்தில் 'ரிகிள் அவுட்' என்கிறார்கள். நாங்கள் அதை 'நழுவுதல்' என்போம். மீனும் நழுவுகிறது, வேலைக்கு அஞ்சியவரும் நழுவுகிறார்.

இதன் பக்கத்து வீட்டுக்காரர் போன்ற சொல் 'விகிள்'. இது சிறிய, விரைவான ஆட்டம். விழப்போகிற பால்பல் ஆடினால் அது 'விக்லி' பல். அதை 'ரிக்லி' என்று எழுதினால், பல் எழுந்து ஊர்ந்து போவது போல வாசிப்பவர் சிரிப்பார்.

இரண்டாவது 'ஸ்குவேர்ம்'. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் விலாங்கு மீனின் அசைவைக் குறிக்கவே இந்தச் சொல் முதலில் வழங்கியது என்கிறார்கள் சொல்வரலாறு எழுதுவோர். விலாங்கைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளங்கும். ரிகிளைப் போல இதுவும் நெளிதல்தான். ஆனால் இதில் ஒரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. உடலுக்கு ஏற்படும் சங்கடமாகவும் இருக்கலாம், மனதுக்கு ஏற்படும் சங்கடமாகவும் இருக்கலாம். பரிசளிப்பு விழா மேடையில் அதிபர் ஒரு மாணவியை மிகையாகப் புகழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவள் கீழே பார்த்துக்கொண்டு ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நிற்பாள். அதுவும் ஸ்குவேர்ம்தான். இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே வழியில் நடக்கின்றன. புழுவும் நெளிகிறது, வெட்கப்பட்டவளும் நெளிகிறாள் என்றுதான் நாங்களும் சொல்கிறோம்.

'ஸ்குவேர்மி' என்ற பெயரடை பேச்சு வழக்குக்கு உரியது. சின்னப் பிள்ளைகளையும் குட்டிப் பிராணிகளையும் பற்றிச் சொல்லும்போதே அதிகம் வரும். பரீட்சைக் கட்டுரையில் 'ஸ்குவேர்மிங்' என்று எழுதுவது பாதுகாப்பானது.

மூன்றாவது 'ஃபிஜிட்'. இதில் முழு உடலும் வளைய வேண்டியதில்லை. கையும் காலும் போதும். பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவது, கதிரையில் இருந்துகொண்டு காலை ஆட்டுவது, பர்தாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பது எல்லாம் ஃபிஜிட். 2017 இல் உலகமெங்கும் பிள்ளைகளின் விரல்களில் சுழன்ற 'ஃபிஜிட் ஸ்பின்னர்' என்ற விளையாட்டுப் பொருளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சும்மா இருக்க முடியாத விரலுக்கு ஒரு வேலை கொடுப்பதே அதன் நோக்கம். பெயரும் அதனால்தான் வந்தது. அலுப்பு, பதற்றம், நீண்ட நேரம் காத்திருத்தல் ஆகியவற்றால் வரும் அசைவு இது. சாதாரண தர மாணவர்கள் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வரும்வரை இருக்கும் இருப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, என்னைக் கவிழ்த்த 'ரெஸ்ட்லெஸ்'. மற்றச் சொற்கள் கண்ணுக்குத் தெரியும் அசைவைச் சொல்கின்றன. இது அசைவையும் சொல்லும், அசைவே இல்லாத மன நிலையையும் சொல்லும். அதனால்தான் இதை மொழிபெயர்ப்பது கடினம். ஒருவர் கல்லைப் போல அமர்ந்திருந்தும் உள்ளே ரெஸ்ட்லெஸ் ஆக இருக்கலாம். கடலை ரெஸ்ட்லெஸ் என்கிறார்கள், கூட்டம் தாமதமானால் சபையை ரெஸ்ட்லெஸ் என்கிறார்கள், இரவையும் ரெஸ்ட்லெஸ் என்கிறார்கள். இரவு எங்கும் புரளவில்லை, புரண்டவர் பாயில் கிடந்த மனிதர். நாங்களும் 'தூக்கமில்லாத இரவு' என்று சொல்கிறோமே, அதைப் போன்றதுதான்.

மருத்துவத்திலும் இச்சொல் உண்டு. படுத்தவுடன் கால்களை அசைக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல் சிலருக்கு வரும். 1672 இல் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1945 இல் சுவீடன் நாட்டு மருத்துவர் கார்ல் எக்போம் அதை விரிவாக ஆராய்ந்து 'ரெஸ்ட்லெஸ்' கால்கள் என்று பெயரிட்டார். மனிதர் முழுவதையும் சொல்லாமல், கால்களுக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கொடுத்ததைக் கவனியுங்கள்.

ஐந்தாவது 'ரைத்'. இதுவும் ஒலிக்காத 'டபிள்யூ'வில் தொடங்குவது. பழைய ஆங்கிலத்தில் முறுக்குதல் என்ற பொருள் கொண்டது. மலர் வளையத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவுதான், ஏனெனில் அதுவும் முறுக்கிக் கட்டப்படுவது. இன்று 'ரைத்' பெரும்பாலும் கடும் வேதனையில் உடல் முறுகுவதைக் குறிக்கும். தமிழில் 'துடித்தல்' என்போம். வயிற்றுவலியால் துடிக்கும் ஒருவரைப் பற்றி 'ரிகிள்' என்று எழுதினால், அவருடைய வலியை விளையாட்டாக்கியது போலாகிவிடும்.

வாலில் இருக்கும் வித்தியாசம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரே வினைச்சொல்லிலிருந்து ஆங்கிலம் இரண்டு பெயரடைகளை உண்டாக்கும். 'ரிகிள்' என்பதிலிருந்து 'ரிக்லிங்' வரும், 'ரிக்லி'யும் வரும். 'இங்' என்று முடிந்தால் அந்த அசைவு அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. 'இ' என்ற ஒலியில் முடிந்து பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால், அது அந்தப் பிள்ளையின் இயல்பைச் சொல்கிறது. 'ரிக்லிங்' குழந்தை இப்போது நெளிகிறது. 'ரிக்லி' குழந்தை தூக்குகிற நேரமெல்லாம் நெளியக்கூடியது. முதலாவது ஒரு நிமிடத்தின் செய்தி. இரண்டாவது ஒரு பிள்ளையின் குணம்.

இது தமிழுக்குப் புதிதல்ல. எங்கள் இலக்கணப் பாடத்தில் பெயரெச்சம் படித்திருக்கிறோம். செய்த, செய்கின்ற, செய்யும் என்ற மூன்று வாய்பாடுகளும் எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றில் நெளிதலைப் போட்டுப் பாருங்கள். நெளிந்த பிள்ளை நேற்று நெளிந்தது. நெளிகின்ற பிள்ளை இப்போது நெளிகிறது. நெளியும் பிள்ளை எப்போதும் அப்படித்தான். 'செய்யும்' என்ற வாய்பாடு எதிர்காலத்தோடு வழக்கத்தையும் இயல்பையும் காட்டும். பாயும் புலி, மணக்கும் மல்லிகை என்று சொல்லும்போது இயல்பைத்தானே சொல்கிறோம்? ஆகவே 'ரிக்லிங்' என்பதற்கு 'நெளிகின்ற' என்றும், 'ரிக்லி' என்பதற்கு 'நெளியும்' என்றும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது.

'ரைத்' என்ற சொல்லில் 'ரைதிங்' மட்டுமே வழக்கில் இருக்கிறது. 'இ' சேர்த்து இயல்பாக்கும் வடிவத்தை யாரும் பயன்படுத்தக் காணோம். வேதனையில் துடிப்பதை ஒருவருடைய குணம் என்று சொல்ல யாருக்கும் தேவை வரவில்லைப் போலும்.

இன்னொரு வித்தியாசம் சொல் நிற்கும் இடத்தில் இருக்கிறது. 'ஃபிஜிட்டி பிள்ளை' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் அது குணம். 'பிள்ளை இன்றைக்கு ஃபிஜிட்டி ஆக இருக்கிறது' என்று பின்னால் வந்தால் அது இன்றைய நிலை மட்டும். 'கெட்' என்ற வினையோடு சேர்த்தால் 'ஆகிவிடுகிறது' என்ற பொருள் வரும். அதாவது முதலில் ஒழுங்காக இருந்தது, நேரம் போகப் போக இருப்புக்கொள்ளாமல் ஆகிவிட்டது. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த 'கெட்' சரியாகப் பொருந்தும்.

'இரவில்', 'இன்றைக்கு', 'வகுப்பில்' போன்ற சின்னச் சொற்கள் இந்தப் பெயரடைகளுக்கு வேலி போடுபவை. டொக்டர் எழுதிய 'அட் நைட்' அப்படியான ஒரு வேலி. நான் அதைப் பிடுங்கி எறிந்ததால், ஓர் இரவுத் தொல்லை என் தம்பியின் குணமாகிவிட்டது.

தமிழில் எத்தனை

ஆங்கிலத்தில் இவ்வளவு சொற்களா என்று நான் வியந்தபோது, எங்கள் தமிழாசிரியை, "தமிழில எத்தனை எண்டு எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எண்ணினேன். துருதுரு, குறுகுறு, பரபர, படபட, பதைபதை, துடிதுடி, சுறுசுறு. ஒலி இரட்டித்து வரும் இச்சொற்களைத் தொல்காப்பியர் இரட்டைக்கிளவி என்று பெயரிட்டுச் சொல்லதிகாரத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆங்கிலம் பெரும்பாலும் உடல் எப்படி வளைகிறது என்று பார்த்துச் சொல்லைத் தேர்கிறது. தமிழ் இரட்டைக்கிளவி உள்ளே இருக்கும் உணர்வையும் சேர்த்துப் பிடிக்கிறது. துருதுருவில் மகிழ்ச்சி உண்டு. பரபரப்பில் அவசரம் உண்டு. பதைபதைப்பில் அச்சம் உண்டு. தாமதமாகி வரும் மகளைப் பார்த்து வாசலில் நிற்கும் உம்மாவை 'ரெஸ்ட்லெஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழில் 'இருப்புக்கொள்ளாமல்' நின்றார் என்று எழுதினால்தான் அவர் எங்கள் உம்மாவாக இருப்பார்.

'நெளி' என்ற சொல்லும் சும்மா இல்லை. அலையலையான முடி நெளிமுடி. வளைந்து செய்த மோதிரம் நெளி. ஒரு தொழிலின் நுட்பம் தெரிந்தவரை நெளிவு சுளிவு தெரிந்தவர் என்று மதிக்கிறோம். ஒரே அசைவு ஓரிடத்தில் அழகாகவும், இன்னோரிடத்தில் திறமையாகவும், மற்றோரிடத்தில் வெட்கமாகவும் இருக்கிறது.

இப்படி ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதால்தான் அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்க்க முடியாது. தமிழ் – ஆங்கில அகராதிகளில் பெயர்பெற்ற ஒன்று யாழ்ப்பாணத்தோடு தொடர்புடையது. உடுவிலில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி மிரோன் வின்ஸ்லோ அதை 1862 இல் சென்னையில் வெளியிட்டார். எவ்வளவு பெரிய அகராதியானாலும் பொருள்களை வரிசையாக வைத்துவிட்டு நின்றுவிடும். எது பொருந்தும் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பார்த்து நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

சொல் ஒட்டிக்கொள்ளும்போது

இதைப் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். கவனக்குறைவும் மிகையான இயக்கமும் சேர்ந்த நிலை சில பிள்ளைகளுக்கு உண்டு. அதை அடையாளம் காண்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட கையேட்டில், 'ஃபிஜிட்', 'ஸ்குவேர்ம்', 'ரெஸ்ட்லெஸ்' ஆகிய மூன்று சொற்களும் வருகின்றன. ஆனால் ஒரு அசைவை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய அக்கையேடு இடம் தருவதில்லை. பல அறிகுறிகள் சேர்ந்து குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். வீடு, பாடசாலை என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில தொடங்கியிருக்க வேண்டும். அவற்றால் பிள்ளையின் படிப்போ பழக்கமோ பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இத்தனையையும் பார்த்த பிறகுதான் மருத்துவர் பெயர் சொல்கிறார். உண்மையில் அந்த நிலை உள்ள பிள்ளைக்கு உதவி தேவை, ஏச்சு தேவையில்லை. அது இல்லாத பிள்ளைக்கு நாங்கள் போகிற போக்கில் பெயர் வைக்கவும் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. ஆண் பிள்ளை ஓடித் திரிந்தால் 'துருதுருப்பான பிள்ளை' என்று சிரிக்கிறோம். அதே ஓட்டத்தைப் பெண் பிள்ளை ஓடினால் 'அடக்கமில்லாதவள்' என்கிறோம். அசைவு ஒன்றுதான், நாங்கள் எடுத்த சொல்தான் வேறு. 'துருதுரு' என்ற சொல்லில் ஆண்பால் பெண்பால் இல்லை என்பதைத் தமிழ் படித்த நாங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எல்லா அசைவும் அமைதியின்மை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குர்ஆன் மத்ரசாவில் பிள்ளைகள் முன்னும் பின்னும் மெல்ல ஆடி ஆடி ஓதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஃபிஜிட்டி என்றோ ரெஸ்ட்லெஸ் என்றோ சொன்னால் பிழை. ஒரு சீரோடு வரும் அந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்வே' என்ற சொல் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கவனம் சிதறவில்லை, ஓதலிலேயே நிற்கிறது.

நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தூக்கி வைத்துக்கொண்டு தொழுததாகவும், ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்பும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதாகவும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிறது. தொழுகைக்குள்ளேயே ஒரு சின்னப் பிள்ளைக்கு இடம் இருந்திருக்கிறது. எங்கள் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் கொஞ்சம் இடம் இருக்கலாம்தானே.

இப்போதும் உம்மா கொப்பிகளை என்னிடம்தான் தருகிறார். நான் முதலில் பெரிய சொற்களைத் தேடுவதில்லை. எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்று சொல்லும் சின்னச் சொற்களைத் தேடி விரலை வைத்துக்கொண்டு, பிறகு முழு வசனத்தையும் வாசிக்கிறேன். வாசித்துத் தெரியாவிட்டால், "எனக்கு விளங்கல்ல உம்மா, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நின்று என் பேனையைத் திருகிக்கொண்டிருக்கும் தம்பியை அப்போது உம்மா ஏசுவதில்லை. "இவர் இண்டைக்குத்தான் இப்பிடி" என்கிறார்.